ஆறு எங்கோ இருக்க ஃப்ளை ஃபிஷிங் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஆற்றுக்குப் போய்ச் சேரவே ஒரு முழுப் பகலோ ஒரு ராத்திரிப் பயணமோ ஆகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். இங்கே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகள். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: ஆற்றில் நிற்கிற நேரம் குறைவு என்பதால் நாம் பாதி ஆள் ஆகிவிடுவதில்லை, ஏனென்றால் இதில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை ஆறு இல்லாமலே கற்றுக்கொள்ளலாம்.

முதலில், ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன? சாதாரணத் தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும், அதை வீசினால் நரம்பு அதன் பின்னாலேயே போகும். ஃப்ளையில் இது தலைகீழ். இறகும் நூலும் சுற்றிய குட்டி முள்ளுக்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, அதனால் லைனைக் கனமாகச் செய்து அந்த லைனைத்தான் வீசுகிறோம், ஃப்ளை அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகிறது. 5-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பின்பற்றும் அளவு. அந்த 9 கிராமைக் காற்றில் சுருட்டி விரித்து, ஒரு பூச்சி வந்து உட்காருகிற மாதிரி தண்ணீரில் இறக்குவதுதான் வித்தை. முழுக்க முழுக்கக் கைப்பழக்கம். கைப்பழக்கத்துக்கு மீன் தேவையில்லை.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் ஆற்றுப் பக்கம் போக முடியும். அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

அதனால்தான் மெனக்கெட வேண்டும். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் வீணானால் அடுத்த வாரம் இன்னொரு நாள் இருக்கிறது. நமக்கு இல்லை. பின்னால் மரத்தில் சிக்கிய லைனை எடுப்பதிலும், அவிழ்ந்த முடிச்சை மறுபடி போடுவதிலும் ஒரு காலைப்பொழுது போனால் போனதுதான், அந்தக் காலை திரும்ப வர ஒரு வருஷம் ஆகும்.

தூரத்தில் இருந்துகொண்டு இதில் ஆசை வைப்பது போலியானது என்று யாராவது சொன்னால் நான் க்ளாடியஸ் ஏலியானுஸ் என்ற பழைய ரோமானிய எழுத்தாளரின் பெயரைச் சொல்வேன். செயற்கைப் பூச்சி வைத்து மீன் பிடிப்பதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய குறிப்புகளில் மிகத் தெளிவானது, சுமார் கி.பி. 200-இல் அவர் எழுதியதுதான். மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில் உடம்பில் புள்ளி போட்ட மீன்கள் உண்டு, முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டி, ஆறடிக் கோலும் ஆறடி நூலுமாக அவற்றைப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். கேள்விப்பட்டதாகச் சொல்லித்தான் தொடங்குகிறார். இத்தாலியை விட்டுத் தான் வெளியே போனதே இல்லை, கப்பலில் கால் வைத்ததே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார் என்று அவர் காலத்து எழுத்தாளர் ஃபிலாஸ்ட்ரட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆற்றைக் கண்ணால் பார்க்காதவர் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நமக்கு அந்த ஃப்ளையின் நிறம்வரை தெரிகிறது.

தண்ணீரே இல்லாமல் காஸ்டிங் பழக முடியுமா?

தாராளமாக. சொல்லப்போனால் அடிப்படை வீச்சுக்குப் புல்தரைதான் நல்ல இடம். ஆற்றில் வீசும்போது கண் மீனைத் தேடும், புல்லில் வீசும்போது கண் லைனைப் பார்க்கும். கற்றுக்கொள்ள வேண்டியது லைனிடம்.

ராட் (தூண்டில் கோல்), லைன், அதன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான 9 அடி லீடர், இவ்வளவு போதும். ஃப்ளைக்குப் பதிலாக லீடர் நுனியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கம்பளி நூல் துணுக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். லீடர் இல்லாமல் வெறும் லைனை வீசவே கூடாது, நுனி சொடுக்கிச் சொடுக்கி வெடித்துப்போகும்.

30 அடி லைனை மட்டும் வெளியே விட்டுத் தொடங்குங்கள். முதலில் பழக வேண்டியது பின்வீச்சு. பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, முன்னால் மீன் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், முன்வீச்சு கெட்டுப்போவதற்குக் காரணம் முக்கால்வாசி நேரம் பின்னாலேயே நடந்து முடிந்திருக்கும். ஒரு காலைப் பின்னால் வைத்துச் சாய்வாக நின்று தலையைத் திருப்புங்கள். ராட் பின்னால் போய்ச் சட்டென்று நின்றதும், லைன் கொண்டை ஊசி வளைவு மாதிரி மடிந்து உருண்டு போவது தெரியும். கீழ்ப்பக்கம் நீண்டுகொண்டே போகும், மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும், கடைசியில் அந்தக் கம்பளித் துணுக்கு ஒரு துள்ளு துள்ளி நேராகும். அது நேராகும் தறுவாயில் முன்வீச்சு தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் 'சடக்' என்று சத்தம் வரும், ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டால் ஃப்ளை அறுந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். தாமதித்தால் லைன் தொய்ந்து புல்லில் இறங்கிவிடும். லைன் நீளம் கூடக் கூட இந்தக் காத்திருப்பும் கூட வேண்டும், கை நகர்கிற தூரமும் கூட வேண்டும். இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் இது வராமல் மற்ற எதுவும் வராது.

அடுத்து அந்த வளைவின் அகலத்தைக் கவனியுங்கள். குறுகலாக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அகலமாக, சோம்பலாகப் போனால் மணிக்கட்டு அளவுக்கு மேல் மடங்குகிறது, ராட் நுனி நேர்கோட்டில் போகாமல் வட்டமடிக்கிறது என்று அர்த்தம். மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தை வெட்டிக்கொண்டு போய் லீடரில் தானாக முடிச்சு விழுகிறதா? பலத்தை ஒரே அடியாக, பெரும்பாலும் தொடக்கத்திலேயே, கொட்டுகிறீர்கள். மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டி நிறுத்த வேண்டும். நிறுத்துவது என்றால் உண்மையிலேயே நிறுத்துவது, சுவரில் இடித்த மாதிரி.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வீச வேண்டாம். தோள் சோர்ந்த பிறகு கை தப்பான வழியைப் பழகிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிஷம், வாரத்தில் சில நாள், போதும். கொஞ்சம் பழகியதும் 20, 30, 40 அடியில் தட்டு வைத்துக் குறி பாருங்கள். 70 அடி வீசுவது பார்க்க அழகுதான், ஆனால் சிற்றாறுகளில் 40 அடிக்குள் ஒரு தட்டு அகலத்தில் ஃப்ளையை இறக்கத் தெரிந்தவருக்குத்தான் மீன் கிடைக்கும். காற்று அடிக்கிற நாளில் வீட்டுக்குள் உட்காராதீர்கள். ஆற்றில் காற்று உங்களைக் கேட்டுக்கொண்டு அடிக்காது, வீசும் தோள் பக்கமிருந்து காற்று வரும்போது ராடைச் சாய்த்து மறுதோளுக்கு மேலாக லைனை ஓட்டப் பழகிவிட்டால் முள் காதில் ஏறாது. கம்பளித் துணுக்குதான் கட்டியிருக்கிறோம் என்றாலும் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டே பழகுங்கள், அதுவும் பழக்கம்தான்.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

மற்றவர் வீடியோவை விட உங்கள் வீடியோ உதவும். போனைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுங்கள். கை எங்கே நின்றது என்று நாம் நினைத்ததும் உண்மையில் நின்ற இடமும் ஒன்றாக இருக்காது. ஒரே ஒரு முறையாவது நல்ல பயிற்றுநர் ஒருவரிடம் நேரில் ஒரு மணி நேரம் செலவழிக்க முடிந்தால், புது ராட் வாங்கும் பணத்தை அதற்குப் போடுங்கள்.

புல்லில் பழக முடியாத வீச்சு உண்டா?

உண்டு, ரோல் காஸ்ட். பின்னால் மரமோ மேடோ இருந்து பின்வீச்சுக்கு இடமில்லாதபோது போடுவது. தண்ணீர் லைனின் நுனியைப் பிடித்துக்கொள்வதால்தான் ராட் வளைந்து பலம் சேர்கிறது, புல்லில் அந்தப் பிடிப்பு கிடையாது, லைன் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. தடித்த நைலான் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரு லீடர் செய்யுங்கள், முடிச்சுகளின் வால்களை நறுக்காமல் ஓரங்குலம் விட்டுவிடுங்கள். அந்த வால்கள் புல்லில் மாட்டிக்கொண்டு தண்ணீரின் வேலையைச் செய்யும்.

நீச்சல் குளமோ, மீனே இல்லாத அலங்காரக் குளமோ கிடைத்தால் இன்னும் நல்லது, அனுமதி கேட்டுக்கொண்டு வீசுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவுக்குள் காஸ்டிங்குக்காகவே குளங்கள் வெட்டி 1938 முதல் வைத்திருக்கிறார்கள். அங்கே பிடிக்க மீன் கிடையாது, வீசிப் பழக மட்டும்தான்.

மொட்டை மாடியில், சிமென்ட் தரையில் வீசலாமா?

வேண்டாம். லைனின் மேல்பூச்சு வெறும் பிளாஸ்டிக், சிமென்ட் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆக்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் பழைய லைன் ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள்.

பக்கத்தில் ஒரு கலங்கல் குளம்தான் இருக்கிறது. அதில் ஃப்ளை வீசுவதில் அர்த்தம் உண்டா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆதங்கமாக இருக்கும். ஃப்ளை ஃபிஷிங் என்றால் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன், ட்ரவுட் என்றால் பனிமலை ஆறு என்று யாரோ மனதில் பதித்துவிட்டார்கள். கெண்டை ஃப்ளை எடுக்கும், ஜிலேபி எடுக்கும், பாஸ் எடுக்கும், விரால் தண்ணீர் தெறிக்க வந்து எடுக்கும். மீன்பிடிக்க அனுமதி உள்ள எந்த நீர்நிலையும் நமக்கு நீர்நிலைதான்.

கெண்டையைக் குறைத்து எடைபோட வேண்டாம், நான் பழகியதில் மிகவும் எச்சரிக்கையான மீன் அதுதான். கெண்டை இனத்துக்குக் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவே சின்னச் சின்ன எலும்புகள் தொடராக இருக்கின்றன, அதனால் சத்தம் அதற்கு மிக நன்றாகக் கேட்கும். கரையில் தொம் தொம் என்று நடந்தாலே விலகிவிடும். அது அடிச்சேற்றைக் கிளறி மேயும்போது தண்ணீரில் ஒரு புகைமூட்டம் எழும், சில நேரம் வால்நுனி மேலே வந்து ஆடும். ஃப்ளையை அதன் தலைமேல் போடாமல், தாண்டி அந்தப் பக்கம் போட்டு, மேல்மட்டத்திலேயே மெல்ல இழுத்து வந்து, முகத்துக்கு ஓரடி முன்னால் அமிழவிட வேண்டும். எடுத்ததை நரம்பில் உணர மாட்டீர்கள், தலை லேசாகத் திரும்புவதையோ வாய் வெளுத்துத் திறப்பதையோ கண்ணால்தான் பிடிக்க வேண்டும். இதைச் செய்யக் கற்றவருக்குத் தெளிந்த ஆற்றில் மீனைப் பார்த்து வீசுவது புதிதாகவே இருக்காது.

குளத்தில் பழகக் கூடிய இன்னொன்று, மீன் கண்ணில் படாமல் நெருங்குவது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுதும் ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும், ஒளி முறிவதால் அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 பாகை. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிற மீனுக்கு மேலே இருக்கும் அந்த வட்டம் சுமார் 2.25 மீட்டர் அகலம், ஆழம் குறையக் குறைய வட்டமும் சுருங்கும். தாழ இருக்கும் பொருள்கள் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி, மங்கித் தெரியும். குனிந்து போவதும் முழங்காலிட்டு வீசுவதும் இதற்காகத்தான். ராடையும் உயர்த்தாமல் பக்கவாட்டில் சாய்த்து வீசுங்கள்.

ட்ரவுட் ஏன் எப்போதும் தொலைவிலேயே இருக்கிறது?

வெப்பம்தான் காரணம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் கரையும் என்றால் 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம்தான். அதே சமயம் சூட்டில் மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இரண்டும் சேர்ந்து ட்ரவுட்டை மலைக்கும் குளிர்ந்த ஊற்றுக்கும் தள்ளிவிடுகின்றன. தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் பிடிப்பதை நிறுத்திவிடுவது பலருடைய வழக்கம், என் வழக்கமும் அதுதான், ஏனென்றால் அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன் விட்ட பிறகும் செத்துப்போகும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அன்றைக்கு மட்டும் விதியைத் தளர்த்துவது சரியில்லை. ஒரு சின்னத் தெர்மாமீட்டர் பையில் இருக்கட்டும்.

ஃப்ளைகளை வீட்டில் நாமே கட்ட வேண்டுமா? வாங்கினால் போதாதா?

வாங்கினாலும் மீன் எடுக்கும். ஆனால் ஆற்றை விட்டுத் தள்ளி இருப்பவருக்கு இதைவிட நல்ல மாலைவேலை எனக்குத் தெரியாது. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்ன வைஸ், நூல் சுற்றும் பாபின், கூர்மையான கத்தரிக்கோல், நல்ல விளக்கு, இவ்வளவுதான் தொடக்கத்துக்கு.

முதலில் வூலி பக்கர் கட்டுங்கள். பஞ்சு போன்ற மராபு இறகில் வால், தடித்த செனில் நூலில் உடம்பு, அதன்மேல் சுற்றிச் சுற்றி ஒரு சேவல் இறகு. பெரிய முள், அதனால் விரல் தடுமாறினாலும் தாங்கும். அது எந்தப் பூச்சியையும் அச்சாகக் காட்டாது, அட்டையாகவும் குட்டி மீனாகவும் மீன் அதை எடுத்துக்கொள்ளும், ட்ரவுட்டிலிருந்து பாஸ்வரை எல்லாம் எடுக்கும்.

அடுத்து ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். நிம்ஃப் என்றால் தண்ணீருக்குள் வளரும் இளம் பூச்சி. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்து வந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் இதில் நூலே பயன்படுத்தவில்லை, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியை நூலுக்குப் பதிலாக வைத்துக்கொண்டார். கம்பியை முதலில் முள்ளின்மேல் சுற்றி, நெஞ்சுப் பகுதியில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிப் புடைக்க வைக்க வேண்டும். ஃபெசன்ட் பறவையின் வால் இறகிலிருந்து நான்கைந்து இழையை எடுத்து, அவற்றின் நுனிகள் முள்ளின் வளைவுக்கு வெளியே வாலாக நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டி, மீதி இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முறுக்கும்போது செம்பு இடையிடையே மினுங்கும். இழையும் அறுபடாது, தனியாக எடையும் தேவையில்லை, தண்ணீரில் விழுந்ததும் நேராக அமிழும். இத்தனை சிக்கனமான ஒரு வடிவத்தை நாமே ஒருமுறை செய்து பார்த்தால்தான் அவர் எவ்வளவு நேரம் அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்பது உறைக்கும்.

மிதக்கும் ஃப்ளைக்கு, அல் ட்ராத் உருவாக்கிய எல்க் ஹேர் கேடிஸ். குளத்துக்கும் ஆற்றுக்கும் பொதுவாக, பாப் க்ளவுசர் உருவாக்கிய க்ளவுசர் மினோ: அதன் கனமான உலோகக் கண்களால் முள்ளின் கூர் மேல்நோக்கித் திரும்பி நிற்கும், அடியில் கிடக்கும் குப்பையில் மாட்டுவது குறையும்.

ஒரே உட்காரலில் பத்து வகை கட்டாதீர்கள். ஒரே வகை, ஒரே அளவு, ஒரு டஜன். கடைசி மூன்றைப் பார்த்தால் முதல் மூன்றை அவிழ்த்துவிடத் தோன்றும். அவிழ்த்துவிடுங்கள், முள் மறுபடி உதவும்.

பூச்சிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆறு வேண்டாமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டில் பக்கத்துக் குட்டையின் தண்ணீரையும் கொஞ்சம் பாசியையும் ஊற்றிப் பத்து நிமிஷம் அசையாமல் பாருங்கள். சிவப்புப் புழுக்கள் நெளிந்தால் அவை மிட்ஜ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழுக்கள், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழ அவற்றின் உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது, அந்தச் சிவப்பு அதனால்தான். ஆற்றில் ட்ரவுட் வருஷம் முழுதும் தின்பதும் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளைத்தான். மூன்று வாலோடு தட்டில் ஓடுவது மேஃப்ளையின் நிம்ஃபாக இருக்கலாம். மேஃப்ளை தண்ணீருக்குள் மாதக்கணக்கில், சில வகைகள் ஒரு வருஷத்துக்கு மேலும் வளர்ந்து, மேலே வந்து இறக்கை விரித்து, அதன் பிறகும் ஒருமுறை தோலுரிக்கும். இறக்கை முளைத்துப் பறக்க ஆரம்பித்த பிறகு தோலுரிக்கிற பூச்சியினம் இது ஒன்றுதான். முதல் உருவம் மங்கலான இறக்கையோடும் அடுத்தது கண்ணாடி போன்ற இறக்கையோடும் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி ஃப்ளை கட்டுகிறோம். முழு வளர்ச்சி அடைந்தது எதையும் தின்னாது, சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் அதன் வாழ்வு.

நீர்நிலைக்குப் பக்கத்தில் ராத்திரி எரியும் விளக்கடியிலும் இவை வரும். பிடித்து அடிவயிற்றைப் பாருங்கள், ஏனென்றால் மீன் பார்க்கிற பக்கம் அதுதான், முதுகின் நிறமும் வயிற்றின் நிறமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஸ்டோன்ஃப்ளைக்கு மட்டும் குளிர்ந்து ஓடுகிற சுத்தமான தண்ணீர் வேண்டும், அதை ஆற்றில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எத்தனை முடிச்சு தெரிந்திருக்க வேண்டும்?

மூன்று போதும். லீடர் நுனியில் சேர்க்கும் மெல்லிய நரம்பான டிப்பெட்டை ஃப்ளையில் கட்ட க்ளிஞ்ச், லீடரோடு டிப்பெட்டைச் சேர்க்க சர்ஜன் முடிச்சு, ஃப்ளை விடுபட்டு ஆட வேண்டுமென்றால் ஒரு லூப் முடிச்சு. முதலில் தடித்த கயிற்றில், பிறகு உண்மையான 5X டிப்பெட்டில், அதாவது 0.15 மில்லிமீட்டர் நரம்பில். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் மீன் நன்றாக எழும்புவது அந்தி நேரத்தில், கண் தெரியாத வெளிச்சத்தில். இறுக்குமுன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைக்க வேண்டும், வறண்டு இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் பலம் இழக்கும். போட்ட ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து அறுத்துப் பாருங்கள், எங்கே அறுகிறது என்பது நிறையச் சொல்லும்.

என்ன ராட் வாங்கலாம்?

9 அடி, 5-ஆம் எண், நான்கு துண்டாகக் கழலுவது. பயணத்துக்கும் வசதி, குளத்துக்கும் ஆற்றுக்கும் பொருந்தும். இரண்டாவது ராட் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இடமும் நேரமும் ரொம்பக் குறைவு என்றால் ஜப்பானியர்களின் டென்காரா நல்ல தேர்வு: ரீல் கிடையாது, உள்ளுக்குள் மடங்கும் நீண்ட கோல், நுனியில் கட்டிய நிலையான லைன், ஒரு ஃப்ளை.

மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் லைன் கெட்டுப்போகாதா?

கவனிக்காவிட்டால் கெடும். சோப்பு நீரில் துடைத்து, காயவைத்து, ரீலிலிருந்து கழற்றிப் பெரிய வட்டமாகச் சுற்றி, வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். சின்ன ரீலிலேயே கிடந்தால் சுருள் சுருளாக நினைவு வைத்துக்கொள்ளும், வீசுமுன் மெல்ல இழுத்து நீட்ட வேண்டும். கொசு விரட்டும் மருந்தில் இருக்கும் டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், தடவிய கையால் லைனைத் தொடாதீர்கள். நைலான் டிப்பெட்டை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அரிதாகக் கிடைக்கும் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

என் முதல் யோசனை: ஒவ்வொரு தடவையும் புது ஆறு தேடாதீர்கள். ஒரே ஆற்றுக்கு, முடிந்தால் அதன் ஒரே பகுதிக்கு, வெவ்வேறு பருவத்தில் போங்கள். நமக்குக் கிடைக்கும் கொஞ்ச நாளில் பல ஆறுகளை எட்டிப் பார்த்தால் எல்லாமே அந்நியமாகவே இருக்கும். ஒரே ஆறென்றால் எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும், எந்த மடுவில் மாலை நிழல் முதலில் விழும் என்று ஊரில் இருக்கும்போதே மனதில் ஓட்டிப் பார்க்க முடியும்.

போவதற்குப் பல வாரம் முன்பே சாட்டிலைட் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். வெள்ளையாகத் தெரிவது பாறைமேல் உடைந்து ஓடும் ஆழமில்லாத தண்ணீர், அதற்குக் கீழே கருமையாகத் தெரிவது மடு, ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல். வேகமும் மெதுவும் சந்திக்கிற ஓரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வந்து விழுகிற தீனியை மீன் அதிகம் அலையாமல் அங்கேதான் எடுக்கும். பல நாடுகளில் ஆற்றின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் அரசு அளந்து இணையத்தில் போடுகிறது. அந்த அளவுகளைத் தினமும் பார்த்துப் பழகினால், மழை பெய்து எத்தனை நாளில் அந்த ஆறு ஏறி இறங்குகிறது என்பது பிடிபடும். ஏறிக்கொண்டிருக்கும் கலங்கல் தண்ணீரை விட இறங்கித் தெளிந்துவரும் தண்ணீர் எவ்வளவோ மேல். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தை விசாரிக்காமல் ஆற்றில் இறங்கவே கூடாது, இது மீன் பற்றிய விஷயம் இல்லை, உயிர் பற்றியது. உரிமம், பருவத் தடை, பிடித்ததை எடுக்கலாமா விட வேண்டுமா என்ற விதிகள் எல்லாம் கிளம்புமுன்பே கையில் இருக்கட்டும்.

ஒரே நாளில் போய் ஒரே நாளில் திரும்புகிற பயணம் இரண்டை விட, இரண்டு ராத்திரி தங்குகிற ஒரு பயணம் நல்லது. அந்தியும் விடியலும் கிடைக்கும், அவைதான் நல்ல நேரம்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆற்றுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

உட்காருங்கள். ராடை இன்னும் பொருத்தாமல், கரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து கால் மணி நேரம் தண்ணீரைப் பாருங்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடு ஆற்றைப் பார்த்து வீசுகிறவர், பல நேரம் கரையோரத்தில் நின்ற மீனை மிதித்து விரட்டிவிட்டுத்தான் போகிறார். எதிரே வளையம் எழும்புகிறதா, எழும்பினால் மூக்கு தெரிகிறதா முதுகு மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். மூக்கு வெளியே வந்தால் மேலே மிதப்பதைத் தின்கிறது, முதுகு மட்டும் புரண்டால் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஏறிவரும் பூச்சியைத் தின்கிறது, முதல் ஃப்ளை எது என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஆழமில்லாத ஓரத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த மாதிரியே திரும்ப வையுங்கள். பிறகு 20 அடிக்குள் இருக்கிற தண்ணீரில் வீசிக்கொண்டே உள்ளே போகலாம்.

மீன் நழுவாமலிருக்க முள்ளின் கூருக்கு அருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றலாம். வருஷத்தில் கிடைத்த ஒரே நல்ல மீன் என்றாலும் போட்டோவுக்கு ஓரிரு நொடிதான்.

திரும்பி வந்ததும்?

தூரம் போகிறவர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. ஒரு ஆற்றின் உயிரை இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோவது நம் காலணியும், தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா உடையான வேடரும்தான். டிடிமோ என்ற பாசி ஒரு சொட்டுத் தண்ணீரில் பரவிவிடும். அது 2004-இல் நியூசிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபெல்ட் அடிக்காலணிகளை அந்த நாடு 2008-இல் தடை செய்துவிட்டது. அதனால் ஆற்றை விட்டுக் கிளம்புமுன்பே சேற்றையும் பாசியையும் எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, உள்ளும் புறமும் தொட்டால் காய்ந்திருக்கும்வரை விட்டு, அதற்கு மேலும் 48 மணி நேரம் காயவையுங்கள். வேடரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தொங்கவிட்டால்தான் பாதம்வரை காயும்.

அது காய்கிற நேரத்தில் நோட்டை எடுத்து எழுதிவிடுங்கள்: தண்ணீரின் வெப்பம், நீர்மட்டம், எந்த நேரத்தில் என்ன பூச்சி, எந்த ஃப்ளையை எடுத்தது, எதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் தள்ளினால் மீனின் நீளம் மட்டும்தான் நினைவில் நிற்கும். ஃப்ளைப் பெட்டியில் காலியான இடங்களையும் அப்போதே குறித்துக்கொண்டால் அடுத்து என்ன கட்ட வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்காது.